மூட்டுவலி என்றுதான் சொன்னார்கள்

அம்மா இல்லை அக்கா, மாமியார். நீங்களும் அம்மாவா என்றுதான் கேட்டீர்கள், காலையில் அந்த நர்ஸம்மாவும் அப்படித்தான் கேட்டார். நான் அழுததைப் பார்த்து நினைத்திருப்பீர்கள். நான் அழுதது பயத்தில். பாசம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயம்தான் முதலில் வருகிறது எனக்கு, எதற்கும்.

உங்களுக்கு உள்ளே யார்? தங்கையா? பித்தப்பையில் கல்லா? பாருங்கள், எவ்வளவு பளிச்சென்று சொல்லிவிட்டீர்கள். கல் என்றால் சொல்லிவிடலாம். கல்லில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

எங்கள் அத்தைக்கு… கொஞ்சம் கிட்டே வாருங்கள். அந்தக் கடைசி நாற்காலியில் நீலச் சட்டை போட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர், முனீஸ். அவருக்குத் தெரியாததில்லை, ஆனால் நான் வாய்விட்டுச் சொல்வது அவர் காதில் விழ வேண்டாம். கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். அப்பாடா, சொல்லிவிட்டேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் தூத்துக்குடியில் கான்வென்டில் படித்தவள். அந்தப் பாடம் வந்த அன்றைக்கு எங்கள் சிஸ்டர், "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். வீட்டில் யார் வாசிப்பார்கள்? அந்த வார்த்தையை இங்கிலீஷில் சொல்லும்போது ஒன்றும் தெரிவதில்லை. தமிழில் சொன்னால்தான் சேலை விலகினது மாதிரி இருக்கிறது.

பாப்பா தூங்கட்டும், மடியிலேயே இருக்கட்டும், கீழே போட்டால் முழித்துக்கொள்வாள். எட்டு மாதம். இவள் பிறந்ததிலிருந்து எனக்கு எதைக் கண்டாலும் பயம். மின்விசிறி கழன்று விழுமோ, சுவரில் பல்லி விழுமோ, அத்தை கையிலிருந்து பிள்ளை விழுமோ. ஆமாம், அத்தையைக் கண்டும் பயந்தேன். இந்த ஆறு மாதமாக நான் பட்ட பாடு இருக்கிறதே.

எங்கள் அத்தை பெயர் சீனியம்மாள். ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். வயது ஐம்பத்திரண்டு. மாமா திருப்பூரில் வாட்ச்மேன், பொங்கலுக்குப் பொங்கல்தான் வருவார். நான் கல்யாணமாகி வந்தபோதே அத்தைக்கு மாதவிலக்கு நின்றுவிட்டிருந்தது. அது எனக்குத் தெரியாது, யார் சொல்வார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம்தான். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தாலும் கோபம். திடீரென்று ஈரத்துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். மார்கழிக் குளிரில் ஃபேனை முழுசாக வைப்பார்கள், பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று நான் வயிறு எரிந்து கிடப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று நின்று யோசிப்பார்கள். அப்புறம் இந்த ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை விட்டபடி நிற்பார்கள் அக்கா, பெரிய யோசனையில் நிற்கிறது மாதிரி. நான் என்னென்ன எடுத்துத் தின்றேன் என்று கணக்குப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் அம்மாவிடம் போனில் சொல்லி அழுதேன்கூட.

ஒரு நாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"அத்தை, இப்படித் திறந்து வச்சா கரண்டு பில்லு ஏறும்ல?"

"ஏறட்டும் தாயி. என் ஒடம்புல ஏறுற சூட்டுக்கு பில்லு போட்டா கவர்மெண்டே தாங்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அது குத்தலாகப் பட்டது. இவரிடம் சொன்னேன். "எங்கம்மா எப்பவும் அப்படித்தான், நீ அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார். நல்லவர் அக்கா. சத்தம் போடமாட்டார். எதைச் சொன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வார்.

பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் பொங்கல். உங்கள் பக்கம் முளைப்பாரி உண்டா? அப்படியானால் தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு மண் ஓடு, அதில்தான் பயறை முளைக்கப்போடுவார்கள். எல்லா ஓட்டையும் ஒரு அறையில் பூட்டி இருட்டில் வளர்ப்பார்கள். அந்த அறைக்குள் ஒரே ஒரு பொம்பளைதான் போய்த் தண்ணீர் தெளிக்கலாம், அதுவும் மாதவிலக்கு நின்றுபோன பொம்பளையாக இருக்க வேண்டும். வேறு யார் நிழல் பட்டாலும் பயிர் அழுகிப்போகும் என்பார்கள். எந்த வீட்டு ஓடு வாடுகிறதோ அந்த வீட்டுக்குக் கெடுதல். இத்தனை வருடம் பார்த்த அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று இந்த வருடம் எங்கள் அத்தையை வந்து கேட்டார்கள்.

அத்தை முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் வந்து கேட்டவர்களிடம் "எனக்கு எங்க முடியுது" என்று பிகு பண்ணினார்கள். அவர்கள் போனதும் என்னிடம் வந்து, "இந்த எழவு நின்னதுலருந்து எனக்குக் கெடச்சதெல்லாம் வேர்வையும் எரிச்சலும்தான். இப்பத்தான் அதுக்கு ஒரு மரியாதை கெடைக்குது" என்றார்கள். புது மஞ்சள் சேலை எடுத்தார்கள். பயறை ஊறப்போட்டார்கள், மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு. அந்த நாட்களில் ஒரு தடவைகூட என் மேல் எரிந்து விழவில்லை.

பயிர் விரலளவு வந்திருக்கும். அன்றைக்கு அத்தை பாப்பாவைத் தூக்கவில்லை. பாப்பா கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள், அவர்கள் தள்ளித் தள்ளிப் போகிறார்கள். அடுப்படிக்கும் வரவில்லை. கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பு வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது, சொந்தப் பேத்தியைக்கூடத் தொடமாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம். பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன். அத்தை கூப்பிட்டார்கள். அதற்குத் திட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"ரூபா, ஒனக்கு இன்னும் வரலையில்ல?"

"என்ன அத்தை?"

"பிள்ளைக்குப் பால் குடுக்கயில்ல, இன்னும் ஆரம்பிக்கலையேன்னு கேக்குறேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப நீதான் சுத்தம்" என்றார்கள். "எனக்கு வந்துருச்சு தாயி. ரெண்டு வருசத்துக்கு மேல இல்லாதது வந்து நிக்குது. இப்படியா என்னைச் சோதிப்பா அந்த ஆத்தா."

தெருவில் சொன்னால் அத்தனை ஓட்டையும் கொட்டிவிட வேண்டும். நாற்பது வீட்டுப் பயிர். அதனால் யாருக்கும் தெரியாமல் நான் உள்ளே போனேன். அத்தை தினமும் வாசலில் காவல் மாதிரி நின்றுகொள்வார்கள், யாராவது வந்தால் இருமுவார்கள். நான் இருட்டில் தட்டுத்தடுமாறிச் சொம்போடு நிற்பேன். வெளியிலிருந்து குரல் மட்டும் வரும். "கையால தெளி, ஊத்திராத. வேர்ல எறங்கணும், தண்டுல நிக்கக் கூடாது. மூச்சு விடாத அதுக மேல." உள்ளே புழுக்கமும் வைக்கோல் வாசமும். பயிரெல்லாம் வெளுத்துப்போய், வெளிச்சம் இல்லாமலே உயரமாக நிற்கும். அத்தை ஒரு தடவைகூட நிலைப்படியைத் தாண்டவில்லை அக்கா. அவர்கள் வரைக்கும் நியாயமாகத்தான் நடந்தார்கள்.

நம்பமாட்டீர்கள், இந்த வருடம் மாதிரி பயிர் எந்த வருடமும் வந்ததில்லை என்று ஊரே சொன்னது. "சீனியம்மா கை ராசி" என்று எல்லாரும் அத்தை கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அத்தை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பொங்கல் முடிந்தது. ரத்தம் முடியவில்லை. நான்கைந்து நாள் நிற்கும், மறுபடி வரும். போனில் தேடிப் பார்த்தேன், படித்தவள்தானே நான். நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், புற்றாகக்கூட இருக்கலாம் என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தையிடம் சொன்னேன். "வயசு திரும்புது போல. உனக்கு நாத்தனார் பொறப்பா பாரு" என்று கேலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்றார்கள். அங்கே எங்கள் தெருப்பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். தெரிந்தால் முளைப்பாரிக் கதை வெளியே வந்துவிடும். கடைசியில் கையில் காலில் விழுந்து இங்கே மதுரைக்குக் கூட்டி வந்தேன். இவரிடம் மூட்டுவலிக்கு என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆம்பளையிடம் வேறு என்ன சொல்வது?

இங்கே வந்தால் லேடி டாக்டர் லீவு. ஒரு சின்ன வயது டாக்டர் உட்கார்ந்திருந்தார், என் வீட்டுக்காரர் வயதுகூட இருக்காது. "என்னம்மா பண்ணுது?" என்றார். அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் பாப்பாவின் சாக்ஸைச் சரி பண்ணினேன்.

"மூட்டுவலி தம்பி" என்றார்கள் அத்தை.

அவர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு ஏதாவது உண்டா என்றுகூடக் கேட்டார். நான் என்ன செய்ய முடியும்? பெரியவர்களே மூட்டுவலி என்று சொன்ன பிறகு நான் ஒன்று சொன்னால் மரியாதையாக இருக்குமா? அதில் என் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு அதற்கப்புறம் பஸ்ஸில்தான் நடந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது பார்த்தேன், அத்தை சேலையில் பின்னால் கறை. உள்ளங்கையளவு. பையை வைத்து மறைத்துக்கொண்டே ஏற்றினேன். எங்கள் ஊர் பஸ், தெரிந்த முகம் நாலைந்து. எங்கள் தெருக் கோட்டைத்தாய் அக்கா கல்யாணப் பட்டு எடுத்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்கு அவர்கள் பக்கத்தில் இடம் கிடைத்தது. எனக்குப் பின்னால் கிடைத்தது, எஞ்சின் சத்தமும் பாட்டுச் சத்தமும் காதைப் பிளக்கிறது. இவர் போன் பண்ணினார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மாத்திரை குடுத்திருக்காரு."

"மூட்டுவலிதான, வேற ஒண்ணுமில்லைல? அப்பச் சரி."

அந்த 'அப்பச் சரி'யைக் கேட்டதும் எனக்குக் கறை கண்ணிலேயே நிற்கிறது. சரி என்று போனை வைத்துவிட்டால் அத்தை செத்துப்போய்விடுவார்கள் என்று தோன்றியது.

"சரியில்லைங்க. மூட்டுவலி இல்லைங்க அது."

"என்ன? கேக்கல."

"மூட்டுவலி இல்லைங்கிறேன்."

"ஒண்ணும் கேக்கல, சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன் அக்கா. கத்தினேன். "அத்தைக்கு நின்னு ரெண்டு வருசம் கழிச்சு ரத்தம் போகுதுங்க! முளைப்பாரி போட்டதுலருந்து போகுது!"

ரயில்வே கேட் போட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. டிரைவர் எஞ்சினையும் பாட்டையும் நிறுத்தியிருக்கிறார், நான் 'அத்தைக்கு' என்று ஆரம்பித்த நேரத்தில். என் குரல் மட்டும் பஸ் முழுக்க நின்றது.

ஜன்னலோரத்து ஆம்பளைகள் எல்லாம் வெளியே தண்டவாளத்தைப் பார்த்தார்கள். கோட்டைத்தாய் அக்கா மட்டும் மெதுவாக அத்தை பக்கம் திரும்பி, "முளைப்பாரி போட்டதுலருந்தா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். மடியிலிருந்த பட்டுச்சேலைப் பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அத்தை எழுந்தார்கள். பையைக்கூட மறைத்துப் பிடிக்கவில்லை. நேராகப் பின்னால் என்னிடம் வந்தார்கள். அடிக்கப்போகிறார்கள் என்று பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பஸ்ஸுக்கே தெரிஞ்சுபோச்சு. டாக்டருக்கு மட்டும் தெரியாம என்னத்துக்கு? எறங்கு" என்றார்கள்.

கண்டக்டர் யார் முகத்தையும் பார்க்காமல், "கேட்டு தெறந்ததும் எதுத்தாப்ல மதுரை வண்டி வரும்மா. நான் விசில் குடுத்து நிப்பாட்டுறேன்" என்றார். நிப்பாட்டியும் விட்டார். அந்த பஸ்காரர் காதில் ஏதோ சொன்னார். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

அதே சின்ன டாக்டர்தான். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அத்தை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்கள், எப்போது நின்றது, எப்போது வந்தது, எவ்வளவு போகிறது என்று. எனக்குத்தான் தலை நிமிரவில்லை. அவர் உட்கார்ந்து கேட்டார். அப்புறம் லேடி டாக்டர், ஸ்கேன், உள்ளே இருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனை. உள்சவ்வு தடித்திருக்கிறது, அணுக்கள் மாற ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கெட்டதாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துவிடுவோம், எடுத்ததை முழுதாகச் சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்க தைரியம் இல்லை.

தெருவா? தெருவை ஏன் கேட்கிறீர்கள். கோட்டைத்தாய் அக்கா வீட்டுக் கன்றுக்குட்டி செத்ததற்கு அத்தைதான் காரணம். ஒரு வீட்டில் போர் தண்ணீர் வற்றினதற்கும் அத்தைதான். ஒரு பையன் பரீட்சையில் தோற்றதற்கும் அத்தைதான், அவன் வருடம் முழுக்க கேரம் விளையாடினான். தீட்டோடு உள்ளே போய்த் தண்ணீர் தெளித்தாள் என்கிறார்கள். அத்தை எதற்கும் பதில் சொல்லவில்லை. நான் போகவில்லை, மருமகள்தான் போனாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் அடங்கியிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் விளங்கவில்லை. மறந்திருப்பார்கள். இந்த வயதில் மறதி வரும் என்று டாக்டரே சொன்னாரே.

நான் எப்படிச் சொல்வது? நேற்று வந்தவள், கைப்பிள்ளைக்காரி, பாரி அறைக்குள் போனாள் என்றால் என்னை விடுவார்களா? நீங்களும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இன்று காலையில் உள்ளே கொண்டுபோகும்போது அத்தை என் கையைப் பிடித்தார்கள். பஸ்ஸில் கத்தினதற்கு மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், "பாப்பாவுக்கு ஃபேனைக் கொறச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இருங்கள் அக்கா, கதவு திறக்கிறது. சீனியம்மாள் என்றா கூப்பிட்டார்கள்? பாப்பாவைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா? தலையைத் தாங்கிப் பிடியுங்கள்.

வந்துவிட்டேன். கொடுங்கள். அழவில்லையே இவள்? என் சத்தம் கேட்டு முழித்திருப்பாள் என்று நினைத்தேன். உங்களுக்குக் கேட்டிருக்கும், இந்த வராந்தாவுக்கே கேட்டிருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். எடுத்ததைச் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும், அப்புறம்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். உங்கள் தங்கையின் கல்லையும் உங்களிடம் காட்டுவார்கள், பாருங்கள். அந்த நர்ஸம்மா பச்சைத் துணி போட்ட தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், முளைப்பாரி ஓட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது மாதிரி. இவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார், மணி அடிக்கவே இல்லை. "நீ பாத்துக்க" என்று சைகை காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பார்த்தேன். துணியை விலக்கினதும் கண்ணை மூடிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. சின்னது அக்கா. ஒரு பேரிக்காய் அளவுதான் இருக்கும். இதற்கா இத்தனை ஒளிவு மறைவு, இதற்கா நாற்பது வீட்டுப் பயிர்.

அப்புறம்தான் கூப்பிட்டேன். மெதுவாகக் கூப்பிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், எப்படியோ அப்படி வந்துவிட்டது.

"இங்க வாங்க! நீங்க இருந்த எடம், வந்து பாருங்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெட்கமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவர் வந்தார். போன் கையிலேயே இருக்கிறது. தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். எதற்கென்று தெரியவில்லை, செருப்பைக் கழற்றினார்.

"சார், தரை வழுக்கும், செருப்பைப் போடுங்க" என்றார் நர்ஸம்மா.

அவர் போடவில்லை. அதோ பாருங்கள், இன்னும் அப்படியேதான் நிற்கிறார்.